மிஞ்சின மீனு

கோவளத்துல எங்க படகுல பங்கு பிரிக்கிறப்போ மிஞ்சுற மீனு எண்ணுன ஆளுக்குத்தான். எண்ணுறது நானு. திங்கக்கெழம கானாங்கத்த மீனு ரெண்டாயிரத்து ஐநூத்து இருபத்தொண்ணு வந்துச்சு. ஆறு பேருக்கு ஆறு பங்கு போட்டேன், ஒண்ணு மிஞ்சுச்சு.

"படகுக்கும் ஒரு பங்கு வையி, யோகேசு"ன்னாரு என் வூட்டுக்காரரு ஜம்புலிங்கம்.

ஏழாப் போட்டேன், ஒண்ணு. வலைக்கும் சேத்து எட்டு, அப்பவும் ஒண்ணு. எரிச்சல்ல ஒம்போது, பத்துன்னு போட்டுப் பாத்தேன். ஒண்ணேதான். அந்த ஒண்ணு மட்டும் இல்லன்னா பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மீதியே வராது. எப்படிப் பிரிச்சாலும் கடைசியா நின்னது ஒரே மீனு, வாலு அறுந்தது. மாங்கா போட்டுக் கொழம்பு வெச்சுத் தின்னோம். நல்ல ருசி.

செவ்வாக்கெழமயும் அதே எண்ணிக்க, அதே அறுந்த வாலு. புதனும் அப்படியே. ரெண்டு நாளும் அதே மாங்காக் கொழம்புதான்.

"யோவ், உனக்கு பயமா இல்லியா?"ன்னேன்.

"தெனம் இவ்ளோ மீனு வருது, இன்னா பயம்?"ன்னு சிரிச்சாரு.

எனக்கும் சந்தோசம்தான். இன்னிக்கு வியாழன், மறுபடி அதே அறுந்த வாலு மிஞ்சுச்சு. கழுவுறதுக்கு அந்த மீனோட வயித்தக் கீறுனேன். உள்ள, நேத்து கொழம்புல நான் போட்ட மாங்காத் துண்டு இருந்துச்சு. தொட்டேன், சுட்டுச்சு.