சூசையின் சாயங்காலம்

"மேஸ்திரி வேலை தானா தேடி வருது. இன்னா நீங்க, வேணாங்கிறீங்க!" என்றாள் மனைவி அகஸ்டினா.

சூசைக்குச் சிரிப்பு வந்தது. ஆலையில் எட்டு மணி நேர வேலை என்று ஆன பிறகுதான் அவன் முதலியார்பேட்டையில் வெயில் சாய்வதையே பார்க்கிறான். மேஸ்திரியானால் சம்பளம் கூடும். ஆனால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்ப முடியும்.

"காசு இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். சாயங்காலம் போனா வருமா?"

அப்போது பக்கத்து வீட்டு லூர்துநாதன் உள்ளே வந்தான். அவனுக்கும் அதே ஆலையில்தான் வேலை.

"ஒத்துக்க சூசை. மொதல்ல என்னைத்தான் கேட்டாங்க. சூசைக்குக் குடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீ புள்ளகுட்டிக்காரனாச்சேடா!"

"இருக்கட்டும். நீ மேஸ்திரியானா தெருவே நல்லா இருக்கும்."

சூசை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். காலையில் கோயிலில் சாமியார்கூட, "இந்த வேலையை ஒத்துக்கோ, உனக்காக ஜெபிக்கிறேன்" என்றாரே! இத்தனை பிரியமான ஜனங்களை விட்டுவிட்டு ராத்திரி வரை ஆலையில் கிடப்பதா?

"முடிவு பண்ணிட்டேன். மேஸ்திரி வேலை வேணாம். என் சாயங்காலமெல்லாம் உங்களுக்குத்தான்!"

லூர்துநாதன் அகஸ்டினாவைப் பார்த்தான். அவள் மாதா படத்தைப் பார்த்தாள்.

பிரான்சுக்குக் கப்பலேறிய பாண்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய கிளாரினெட்டை ஆணியிலிருந்து எடுத்த சூசை, கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தான். மாதக்கணக்காகப் பழகும் அதே பாட்டு, வழக்கமான இடத்தில் பிசிறடித்தது.

தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

'கடல்காத்து ஜாஸ்தி போல' என்று நினைத்த சூசை, பாவம், அவர்களுக்கும் கேட்கட்டுமே என்று இன்னும் பலமாக ஊதினான்.