களிமண்ணில் எடுத்த அளவு

இந்தக் கையால் இனி எப்படிச் சோறு பிசைவேன் என்று நினைத்துக்கொண்டாள் பூர்ணிமா.

ஈரத்துணி சுற்றிய களிமண் பலகை அவள் கைகளில் கனத்தது. அதில் அவள் கணவனின் பின்புறம் பதிந்திருந்தது.

காலையில் அவள்தான் மண்ணைத் தட்டித் தேய்த்துச் சமமாக்கி முக்காலியின் மேல் வைத்தாள். கார்முகில் கைலியோடு அதன்மேல் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, எழுந்தான். எலும்பு அழுந்திய இடத்தில் இரண்டு குழிகள். கைலியின் நெசவுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. ஒரு முடியும் ஒட்டியிருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

சைக்கிள் சீட் வாங்க மற்ற ஊர்க்காரர்கள் அட்டையின் மேல் உட்கார்ந்து அளவெடுப்பார்களாம். செராமிக் கம்பெனியில் அச்சு எடுக்கிற கார்முகில் அட்டையை நம்புவானா?

"துணி காயாம பாத்துக்க. மண்ணு காஞ்சா சுருங்கிடும், அளவு பொய்யாப் போவும்" என்று பைக்கில் வரும்போது இரண்டு முறை சொன்னான்.

தினமும் விடியலில் நண்பர்களோடு வேப்பூர் வரை கியர் சைக்கிளில் போய்த் திரும்புகிறவன். கொஞ்ச நாளாக வீட்டு வாசலில் இறங்கியதும் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். கீழே எல்லாம் மரத்துப்போகிறதாம்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தேன், சீட்டை மாற்றச் சொன்னார் என்றான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் தனக்காக டாக்டரிடம் போனதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. கடைக்கு நீயும் வா என்றபோது, தனியாகப் போகக் கூச்சப்படுகிறான் என்று கிளம்பி வந்தாள்.

சக்கரபாணியின் சைக்கிள் கடையில் பஞ்சர் பசை வாசனை. கார்முகிலோடு வேப்பூருக்குச் சைக்கிள் ஓட்டும் பழமலைநாதன், கோணிப்போன சக்கரத்தோடு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"என்னா மச்சான், குடும்பத்தோட வந்துட்ட?"

"இவளுக்குத்தான் சீட்டு" என்றான் கார்முகில் சட்டென்று. "சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சிருக்கா. உக்காந்தா மரத்துப் போவுதாம்."

பூர்ணிமா நிமிர்ந்து பார்த்தாள். அவன் தொங்கிக்கொண்டிருந்த டயர்களை எண்ணுகிறவன்போல அண்ணாந்து நின்றான்.

"தங்கச்சிக்கா? அப்ப இனிமே அதுதான் முன்னால போவும். நீ பின்னால தண்ணி பாட்டில் தூக்கிக்கினு வா."

சக்கரபாணி துணியைப் பிரித்துப் பலகையை மேசைமேல் வைத்தார். இரண்டு ஆண்களும் குனிந்தார்கள். பழமலைநாதனின் பார்வை மண்ணிலிருந்து அவள் இடுப்புக்கு வந்து, மறுபடி மண்ணுக்குப் போனது. போகும் வழியில் சிரித்தது.

அவள் தோளில் கிடந்த கைப்பையை இடுப்புக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரு ஏதாச்சும் எழுதிக் குடுத்தாராம்மா?" என்று கேட்டார் சக்கரபாணி.

கார்முகில் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். டாக்டரின் கோணல் எழுத்து அதுவும் வராது. தாளின் மேல் பகுதி, பேர் இருக்கும் இடம், நேர்த்தியாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

அவள் படித்தாள். சீட் அகலமாக இருக்க வேண்டும். நடுவில் நரம்பு அழுந்தாதபடி பள்ளம் வேண்டும். சீட்டின் முன்மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது.

அதற்குக் கீழே இருந்த இரண்டு வரிகளை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. விந்துப் பரிசோதனை செய்துகொண்டு வரவும். அதுவரை மனைவிக்கு மாத்திரை எதுவும் வேண்டாம்.

அதற்கும் கீழே கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில் தேதி.

அது போன வாரத்துத் தேதி அல்ல. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. எழுதியதை டாக்டர் அவனிடம் வாயாலும் சொல்லாமலா இருந்திருப்பார்?

இரண்டு வருஷம். அவள் உடம்பை ஊத வைத்த மாத்திரைகள். கால்களை அகட்டிப் படுத்த ஸ்கேன் அறைகள். மாமியார் ராஜம்மாள் முன்னால் நிற்க, கோயில் தரையில் போட்ட சோற்றைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயாலேயே அள்ளித் தின்ற மண்சோறு. பிள்ளை வேண்டி மூன்று முறை. கடைசியாக இந்த ஆடியில். பல்லிடுக்கில் நறநறத்த மணல். அப்போது அவள் கூந்தல் சோற்றில் விழாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டவன் இவன்தான். எவ்வளவு பிரியம் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சக்கரபாணி குழிகளுக்கு நடுவே டேப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எங்கியோ இடிக்குதே. பொம்பளைங்களுக்கு இது இன்னும் அகலமா இல்ல வரும்?"

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அழுக்கு இல்லை. சரியான சாமானைத் தர வேண்டுமே என்கிற கவலை மட்டும்தான்.

"ஏம்மா, இது நீங்க குந்துன மண்ணுதானா? அளவு மாறிப் போட்டா திரும்பவும் மரத்துத்தான் போவும்."

பழமலைநாதன் சிரிப்பை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கார்முகில் அவள் காதுக்கு அருகில் வந்தான். கழுத்தில் அவன் மூச்சு பட்டது. நகர்ந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஆமான்னு சொல்லு பூர்ணி. ஒரு வார்த்தைதான?"

அவள் தாளை நான்காக மடித்தாள். அவன் நீட்டிய கையில் கொடுக்காமல் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"என்னுது இல்லீங்க" என்றாள் சக்கரபாணியிடம்.