பின் சீட்டுக்குச் சொன்ன மரங்கள்

"ரெண்டு பக்கமும் மரம், அன்செல்ம். கிளையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பந்தல் போட்ட மாதிரி இருக்கு."

முன்னால் போன இரட்டைச் சைக்கிளிலிருந்து மிரேய் சொன்னது காதில் விழுந்ததும் ரெமி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மரமாவது மண்ணாங்கட்டியாவது. கால்வாயின் இரண்டு கரையும் மொட்டையாகக் கிடந்தது. நோய் பிடித்த மரங்களை வேரோடு எடுத்து நாலு வருஷம் ஆகிறது. புதிதாக வைத்த கன்றுகள் குச்சி குச்சியாக நின்றன. பதினொரு மணி வெயில் எல்லோர் முதுகையும் பொசுக்கிக்கொண்டிருந்தது.

சைக்கிள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு அந்தத் தம்பதி வந்தது இன்றுதான் முதல் தடவை. மிரேய் முன் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பார். பின் சீட்டில் புருஷன் அன்செல்ம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பார்வை போய்விட்டது.

வழி போட்டுக் கொடுத்தவர் ரெமி. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கு பிரான்சில் இருக்கும் காஸ்தெல்னோதாரி ஊரில் கிளம்பி, கோதுமை மேடுகளைச் சுற்றி, கால்வாயில் இறங்கி, நாற்பத்தெட்டு கிலோமீட்டர். எங்கே எத்தனை மீட்டர் ஏற்றம், கால்வாயில் எத்தனை மதகு எல்லாம் விரல் நுனியில். யாராவது ஒரு மதகைக் கூட்டிச் சொல்லிவிட்டால், திருத்திவிட்டுத்தான் அடுத்த மிதி மிதிப்பார்.

கோதுமை மேட்டில் மிரேய் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளம் வருது, பிரேக் போடறேன், இடது பக்கம் பருந்து என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ரெமி மனசுக்குள் மெச்சிக்கொண்டே வந்தார். கால்வாய்க்கு இறங்கியதும் பார்த்தால் இப்படி வாய் கூசாமல் புளுகு.

"நிழல் விழுந்து தண்ணியே பச்சையாத் தெரியுது" என்றார் மிரேய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று ரெமிக்குக் கொதித்தது. கண் தெரியாத மனுஷன், இவள் கண்ணை நம்பித்தானே பின்னால் உட்கார்ந்திருக்கிறார்? பக்கத்தில் மிதித்து வந்த சங்கத்துக்காரர் ஜோஸ்லின், புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு என்று தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார். ரெமி கேட்கவில்லை. நாலு மிதி அழுத்தி மிதித்து, இரட்டைச் சைக்கிளுக்கு இணையாக வந்தார்.

"அன்செல்ம், குறுக்கே பேசறதுக்கு மன்னிச்சுக்குங்க. இங்கே ஒரு மரம்கூட இல்ல. எல்லாத்தையும் வெட்டி நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்கு உண்மை தெரியணும்."

மிரேயின் ஹேண்டில்பார் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

அதற்கப்புறம் ஒன்பது கிலோமீட்டருக்கு, "பள்ளம்", "பிரேக்" தவிர மிரேய் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நாரை ஒன்று தண்ணீரை ஒட்டிப் பறந்து போனது. அதைக்கூடச் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு வந்த ரெமிக்கு எங்கோ முள் தைத்த மாதிரி இருந்தது.

படகுகளை ஏற்றி இறக்கும் மதகடியில் ஒரு காபிக் கடை. புருஷனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, முகம் கழுவிட்டு வரேன் என்று உள்ளே போன மிரேய் வெகுநேரம் வரவில்லை. ரெமி இரண்டு காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்செல்ம் நன்றி சொல்வார் என்றுகூட உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு.

பட்டென்று போட்டு உடைத்திருக்க வேண்டாம்தான், ஆனால் உங்களிடம் மறைப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா வருவது என்று ஆரம்பித்தார்.

அன்செல்ம் தடவிக் கோப்பையைப் பிடித்தார்.

"சங்கத்தோட வர்றதுதான் புதுசு, நாங்க தனியா மாசம் ரெண்டு தடவை இந்த வழியா வர்றோம், ரெமி. குளுகுளுன்னு இருந்த பிடரி நாலு வருஷமாக் காயுது. எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

ரெமி கோப்பையைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"வெட்டின பிறகு முதல் தடவை வந்தப்போ, மிரேய் 'மரமெல்லாம்'னு ஆரம்பிச்சா. அதோட பெடல் நின்னுபோச்சு. ரெண்டு பேர் பெடலுக்கும் ஒரே சங்கிலிதானே, அவ அழுதா என் காலுக்குத் தெரிஞ்சிடும். கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, 'பச்சைப் பசேல்னு இருக்கு'ன்னா. எனக்குக் கண்ணு இருந்தப்போ நாங்க ரெண்டு பேரும் இங்கேதான் சுத்துவோம். அதையும் என்கிட்டேருந்து பிடுங்க அவளுக்கு மனசு வரல. ஆமாம்மா, நல்லா இருக்குன்னேன் நான்."

ரெமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அறுபத்தெட்டு வயசில் இப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை. எனக்குத்தான் பார்வை சரியில்லை, வேற இடத்தைச் சொல்லிட்டேன்னு மிரேய்கிட்டே சொல்லிடட்டுமா என்று கெஞ்சினார்.

"வேண்டாம். மரம் இல்லேன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். எனக்குத் தெரியும்ங்கிறது மட்டும்தான் அவளுக்குத் தெரியாம இருந்துது."

மிரேய் சிவந்த கண்ணோடு வந்தார். ரெமியின் பக்கம் திரும்பவே இல்லை. புருஷன் கையைப் பிடித்துச் சீட்டின் மேல் வைத்தார். சைக்கிள் கிளம்பியது. கூடப் போகக் கூசி ரெமி பின்தங்கியே மிதித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அன்செல்மின் குரல் கேட்டது.

"மிரேய், இப்ப என்னம்மா தெரியுது?"

"பாதைதான் தெரியுது."