கூம் சொன்னால்

பெல்கிரேடில் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் வக்கீல்களும் சேர்ந்து நடத்தும் அந்தச் சங்கம், நாட்டைத் திருத்த ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தது. நாளையோடு நாடாளுமன்றக் கூட்டம் முடிகிறது. அமைச்சரையோ பார்க்கவே முடியவில்லை.

"யாரையாவது தெரியுமா?" என்று சலிப்போடு கேட்டார் இதய டாக்டர் ஓக்னென்.

வக்கீல் வெஸ்னா தயங்கினாள். "என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ன ராதோமிர் இருக்காரு. எங்க கூம், கூடப்பிறந்தவர் மாதிரி. அமைச்சர் கல்யாணத்துக்கும் அவர்தான் கூம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூம்னுதான் கூப்பிட்டுப்பாங்க."

"அடிப்பாவி! இதை இப்பவா சொல்றே?"

ராதோமிர் போனிலேயே சிரித்தார். "வேற எதுக்கும்மா கூம்னு ஒருத்தன் இருக்கேன்? கிளம்பி வாங்க."

அமைச்சர் அலுவலக வாசலில் நீண்ட வரிசை. ராதோமிர் அவர்களைப் பின்கதவு வழியாகக் கூட்டிப்போனார். வெஸ்னா வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

அமைச்சர் எழுந்து வந்து ராதோமிரை அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டார். எல்லோருக்கும் காபி வந்தது, கூடவே பிளம்ஸ் சாராயமும்.

"கூமோட ஆளுங்கன்னா எனக்கும் வேண்டியவங்கதான். சொல்லுங்க, என்ன சட்டம் வேணும்?"

ஓக்னென் சட்டென்று கூரையை ஆராயத் தொடங்கினார்.

"கூச்சப்படாம சொல்லும்மா," என்று வெஸ்னாவின் முதுகில் தட்டினார் ராதோமிர்.

வெஸ்னா சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தாள்.

"அரசாங்க ஆபீஸ்ல சிபாரிசை அடியோட ஒழிக்கிற சட்டம்ங்க."

அமைச்சர் மெல்ல ராதோமிர் பக்கம் திரும்பினார்.

ராதோமிர் அவர் தோளில் கைபோட்டார்.

"எனக்காக இதை முடிச்சுக் குடுத்துடு, கூம்."