பந்தி வாசல் கண்ணாடி

மகளின் நிச்சயதார்த்தத்தன்று, உடம்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் கண்ணாடியைப் பந்தி வாசலில் வைக்கச் சொன்னதே ஆவுடையப்பன்தான். இருபது வயதில் போட்ட பெல்ட் ஓட்டை அறுபதிலும் பொருந்துகிறது என்று பீற்றிக்கொள்ளும் ஒல்லி மனிதர். குண்டு மச்சான் கோமதிநாயகத்தைச் சபையில் நாறடிக்க அவருக்கு ஆசை.

"நில்லும் மச்சான். உம்ம வண்டவாளத்தப் பாப்போம்."

மச்சான் நின்றார். கண்ணாடியில், அவர் கொழுப்பெல்லாம் தோலுக்கடியோடு நின்றுவிட்டது; உள்ளே ஒரு துளி இல்லை. ஈரல் மாதுளை முத்துப்போலச் சிவந்திருந்தது.

அடுத்து ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கண்ணாடியில், கோழிக்கடைக் கழிவுத் தொட்டியைத் திறந்தாற்போல, குடல்மேல் மஞ்சள் கொழுப்பு பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. ஈரல் அதற்குள் புதைந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு எல்லாம் சேர்ந்து குலுங்கியது. இலையில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை இழுத்துக்கொண்டார். யாரோ ஓங்கரித்தார்கள். ஆவுடையப்பன் தன் ஒட்டிய வயிற்றைக் குனிந்து பார்த்தார். இதையா இத்தனை வருஷம் சட்டைக்குள் சுமந்தோம்?

மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உடம்பு வாகுல பொண்ணு அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கான்னு நீங்கதான சொன்னிய அண்ணாச்சி. அவளயும் இதுல ஒருக்கா நிக்கச் சொல்லுங்க."