கடுக்காய் மரத்து ரிப்பன்கள்

நெல்லிவாசல் காட்டில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இளவரசன் மூச்சிரைக்க நிற்கிறான். மலையோட்டப் பந்தயத்தில் இதுவரை அவன்தான் முதல் ஆள். ஜெயித்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று செங்கத்தில் ஒரு டீக்கடை விடாமல் சொல்லிவிட்டு வந்த மகராசன். வழிகாட்ட மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். இங்கே மட்டும் ஒன்றுகூட இல்லை. காலை வெயில் இரண்டு பாதைகளிலும் பாரபட்சமில்லாமல் விழுந்து கிடக்கிறது. கடுக்காய் மரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருக்கிற, காய் பொறுக்க வந்த மலையூர்க்காரி செல்லியின் மடி நிறைய ரிப்பன். “அத ஏன்க்கா அவுத்தீங்க?” என்கிறான், அழாத குறையாக. “துணி கட்டுனா அந்த மரத்துக் காயி கட்டுனவனுக்குன்னு இங்க பழக்கம். எங்க மரத்துல எவனோ கட்டிட்டுப் போவான், நான் பாத்துனு இருக்கணுமா?” “சரிக்கா, எந்தப் பக்கத்து மரத்துல இருந்துச்சு?” செல்லி அவன் மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டையை மேலும் கீழும் பார்க்கிறாள். “சொன்னா, நீ போய் மறுபடியும் கட்டுவ.” கைக்கடிகாரம் விநாடிகளைத் தின்கிறது. பின்னால் சருகு நொறுங்க ஏழு பேர் ஓடி வருகிறார்கள், அவனைக் கண்டதும் நின்று, முதல் ஆளுக்குரிய மரியாதையோடு கேட்கிறார்கள்: “எந்தப் பக்கம் ப்ரோ?”