மாட்டாஸ்பத்திரித் தெரு, லண்டன்

கத்தல் வரும் நேரம் நெருங்கிவிட்டது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இப்போது கத்த வேண்டியதில்லை. கத்தியாயிற்று, போன மாதமே, டப்பிங் அறையில்.

அதை வெட்டி எறிந்திருப்பான்களோ?

டி.வி.யில் விக்டோரியா ராணி காலத்து லண்டன். ஏதோ பழைய அரசியல் நாவலாம். வெள்ளைக்காரன் தொடராக எடுத்தான், நம் ஆட்கள் தமிழில் பேசவைத்தார்கள். பார்லிமென்டில் மந்திரி எழுந்து நிற்கிறார். எதிரே தொப்பி வைத்த துரைகள், பெஞ்சு பெஞ்சாக.

அத்தனை வாய்க்கும் குரல் கொடுத்தது ஆறே பேர். அதில் ஒருத்தர் இவர்.

கூட்டக் குரலுக்கு வசனம் எழுதித் தரமாட்டார்கள். வாய்க்கு வந்ததைக் கத்தலாம். எவன் கேட்கப் போகிறான்.

அன்றைக்கு அவர் மைக்கை ஒட்டி நின்றுகொண்டார்.

இப்போது வீட்டு வாசலில் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலிக் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களை அவர்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்த இரைச்சல்ல உங்க குரல எங்கண்ணே தேடுறது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பவுனு. "கெணத்துல விழுந்த ஊசி கணக்கா."

"காதத் தீட்டிக்கிட்டு உக்காரு."

கோடை பிறந்ததிலிருந்து தெருக்குழாய் காய்ந்து கிடக்கிறது. எதிர் வீடுதான் கவுன்சிலர் வீடு. அங்கே போர்வெல் இருக்கிறது, தண்ணீர் கொட்டுகிறது. இவர் போய் நின்றால் "பாக்கலாம் பெருசு" என்பதோடு சரி. ஓட்டு வாங்குகிறவன் வாயை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

துரைகள் எழுந்தார்கள்.

ஒரே கூச்சல்.

அவர் முட்டியை இறுக்கிப் பிடித்தார்.

கூச்சலுக்கு உள்ளேயிருந்து, கட்டைக் குரலில், அட்சரம் பிசகாமல்:

"மாட்டாஸ்பத்திரித் தெருவுக்குத் தண்ணி எங்கடா?"

பவுனு திறந்த வாயை மூடவில்லை.

லண்டன் அடங்கியது. மந்திரி தலையைக் குனிந்தார். கதையில் வேறு எதற்கோ எழுதின பதில்தான். ஆனால் வந்து விழுந்த இடம் அது.

"உறுப்பினர் கேட்பது நியாயம். தவறு எங்களுடையது."



எவளோ தன் குடத்தில் ஒரு தட்டு தட்டினாள். இன்னொருத்தி தட்டினாள். காலிக் குடங்கள் மொத்தமும் முழங்கின. கல்யாண மேளம் கெட்டது போங்கள்.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பவுனு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் பின்னால் தெரு.

எதிர் வீட்டிலும் அதே தொடர்தான் ஓடியிருக்க வேண்டும்.

சட்டென்று அங்கே டி.வி. சத்தம் நின்றது.